பெட்டி பிரிக்காத புதுசு

விடியும்போது போன கரண்ட் மத்தியானம் வரை வரவில்லை. ஆனாலும் குளியலறைக் குழாயைத் திருகியதும் ஞானசெல்வியின் உள்ளங்கையில் விழுந்த தண்ணீர் சுட்டது.

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மாடித் தொட்டி வெயிலில் காய்ந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. திருவொற்றியூரில் அந்த வாரம் முழுக்க மழை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு ஓடும் சத்தமும், ஜன்னல் கம்பியில் கட்டிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம் நனைந்து சுவரில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தமும், மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று தூக்கி வரும் அழுகிய முட்டை வாடையும் அவளுக்குப் பழகிப்போனவை. பழகாதது அந்தத் தண்ணீரின் மணம். விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். மஞ்சள். கல்லில் உரசிக் குழைத்த ஈர மஞ்சள். அந்த வீட்டில் மஞ்சள் சமையலறையைத் தாண்டி வந்ததே கிடையாது. தெற்கே நாசரேத்தில் அவள் பிறந்த வீட்டிலும் சரி, வாழ்க்கைப்பட்ட இந்த வீட்டிலும் சரி, மஞ்சள் பூசிக் குளிக்கிறவள் ஒருத்தியும் இல்லை.

தலைக்கு மேலே கீசர் மெல்ல முனகியது. கொதிக்கப்போகிற பாத்திரம் முனகுமே, அப்படி. ஸ்விட்ச் அணைந்துதான் இருந்தது.

மாடியில் வீடு, கீழே கடை. மிக்சி, கிரைண்டர், கீசர் எல்லாம் விற்றான் அவள் கணவன் ஜெரின். பழசைக் கொடுத்துப் புதுசை வாங்கிப்போகலாம் என்று வாசலில் பெரிய போர்டு. மகள் சுஜாவுக்கு மூச்சிழுப்பு. இந்தக் காற்றுக்கு வெந்நீரில்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே ஜெரின் கீசரைத் தூக்கி வந்துவிட்டான். "பாரு, பெட்டிகூடப் பிரிக்கல" என்று அவள் கையாலேயே அட்டைப்பெட்டியைப் பிரிக்கவைத்தான். ஆளைக் கூப்பிடாமல் தானே ஏணி போட்டு, அதன் கனத்துக்கு மூச்சு வாங்க வாங்க மாட்டினான். ஊருக்கெல்லாம் விற்கிற மனுஷன் தன் பிள்ளைக்கென்று ஒன்றை எடுத்துவைத்தாரே என்று அன்று அவள் பூரித்துப்போனாள்.

சாப்பிட வந்தவனிடம் சொன்னாள்.

"அத்தான், கீசர் ஒரு மாதிரியா இருக்கு. மாத்திருவோமா?"

"புதுச என்னத்துக்குட்டி மாத்தணும்? சின்ன ரிப்பேரா இருக்கும். பாஸ்கர வரச் சொல்லுதேன்."

"கரண்டே இல்லாம எப்படி அத்தான் சுடும்?"

"நேத்துச் சூடு நின்னிருக்கும்."

அவன் நிமிரவில்லை. மீன் முள்ளை நிதானமாக ஒவ்வொன்றாக உருவி, தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் சுஜா குளிக்கும்போது பாடினாள். பாட்டு நின்றது. யாரோ பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு ஓர் அமைதி. பிறகு சிரிப்பு.

"யாரு கூட மக்ளே பேசுத?" தலை துவட்டும்போது ஞானசெல்வி கேட்டாள்.

"அக்கா கூட."

"எந்த அக்கா?"

"குழாயப் புடிச்சிக்கிட்டே நிப்பாங்கல்லா, அந்த அக்கா. கைய எடுக்க வரலயாம்." பிள்ளை வேடிக்கைக் கதை சொல்வது போலச் சொன்னாள்.

துண்டில் மஞ்சளாக ஒரு கறை. ஞானசெல்வி அதைத் துவைத்தாள். மறுபடியும் துவைத்தாள். போகவில்லை.

மறுநாள் ஜெரின் சரக்கு கொடுக்க மீஞ்சூர் போயிருந்த நேரத்தில் பாஸ்கர் வந்தான். கடைக்கு வருகிற ரிப்பேர் வேலையெல்லாம் அவன்தான் பார்ப்பான்.

"இன்னாக்கா, கடைக்காரர் வூட்டுக் கீசரே பல்ல இளிச்சிக்கினு கீதா? வெளிய சொல்லிடாத. அண்ணன் யாவாரம் படுத்துடும்."

சிரித்துக்கொண்டே ஸ்டூலில் ஏறினான். வெளிக்கூட்டின் திருகாணிகளைக் கழற்றினான். தகடு விலகியது.

பளபளப்பான கிரீம் நிறக் கூட்டுக்குள்ளே கறுத்து, களிம்பேறிய பழைய செம்பு டேங்க். அதன் அடிவயிற்றில் பிறை போல ஒரு பற்றவைத்த தழும்பு. பாஸ்கர் அதன்மேல் விரலை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டான்.

"என்னப்பா?"

"இது நான் பத்த வச்சதுக்கா." குரல் இறங்கியிருந்தது. "நெட்டுக்குப்பத்துல ஒரு வூட்ல. அப்பால அங்கேர்ந்து கயட்டியாந்ததும் நான்தான். அந்த வூட்டுப் பொண்ணு வெள்ளிக்கெயம குளிக்கப் போச்சு. மஞ்ச பூசிக்கினு குழாயத் தொட்டுகீது. கரண்ட் பாஞ்சிடுச்சி. கதவ ஒடச்சா, புடிச்ச கை புடிச்சபடியே நின்னுகினு கீது. வெரல ஒண்ணொண்ணாத்தான் பிரிச்சாங்கோ."

மழை பெய்துகொண்டிருந்தது.

"காயலான் கடைல போட்டாச்சுன்னு அண்ணன் சொன்னாருக்கா. புதுக் கூட்ட மாட்டி இங்க வச்சிப்பாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"ரிப்பேர் பண்ண முடியாதா?" தன் குரலே அவளுக்கு அசட்டுத்தனமாகக் கேட்டது.

"ரிப்பேர் ஒண்ணுமில்லக்கா. எல்லாம் நல்லாத்தான் கீது. அதான் பேஜாரு. தூக்கிப் போட்ரு."

கழற்றிய தகட்டை மாட்டாமலேயே இறங்கிப் போய்விட்டான்.

ஜெரின் வந்ததும் அந்தத் தகட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"எங் கையாலயே பெட்டியப் பிரிக்க வச்சீங்களே அத்தான்."

அவன் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபத்தைவிட அந்த அட்டைப்பெட்டிதான் அவள் கண்ணுக்குள் நின்றது. யாருக்கோ விற்ற கீசரின் பெட்டி. ஆசையாகப் பிரித்த தன் விரல்கள். பக்கத்தில் நின்று அதைச் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்த அவன்.

"ஏட்டி, அது நல்ல செம்பு," என்றான் கடைசியில். "இந்த உப்புத் தண்ணிக்கு இப்ப வாரதெல்லாம் ஒரு மழைக்குத் தாங்காது. அந்தப் புள்ள செத்தது வயரிங்னால. டேங்க் என்ன செய்யும்? நம்ம புள்ளைக்கு நல்லதா இருக்கட்டும்னுதான வச்சேன்?"

"மாத்துங்க."

"மாத்துதேன்."

"சத்தியமா?"

அலமாரியிலிருந்து வேதப் புத்தகத்தை எடுத்து அதன்மேல் கை வைத்தான். கல்யாணத்தன்றும் அதே கை அதே புத்தகத்தின் மேல்தான் இருந்தது. அவள் நம்பினாள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்திலிருந்து சுஜாவைக் கூட்டிக்கொண்டு படியேறும்போது, கடையில் சுமை தூக்கும் கஸ்பார் எதிரே இறங்கினான். கிரீம் நிறக் கீசரை ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விசிலடித்தபடி. "காயலான் கடைக்குத்தாங்கா" என்றான். தெருத் திரும்பி மறையும்வரை ஞானசெல்வி பார்த்துக்கொண்டே நின்றாள். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினது போல இருந்தது.

குளியலறையில் வெள்ளை வெளேரென்று புதுக் கீசர். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூட உரிக்கப்படவில்லை. கரண்ட் கொடுக்காத வயர் சுவரோரம் சும்மா தொங்கியது.

"பாஸ்கர் வந்து வயர மாட்டித் தருவான்," என்றான் ஜெரின், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "அதுவரைக்கும் வெந்நிய அடுப்புல போட்டுக்கோ." கடைக்கு இறங்கிவிட்டான்.

இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் அடுப்பில் தண்ணீரை ஏற்றினாள். சுஜா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்கு முந்திக்கொண்டு ஓடினாள். "வெந்நி கொண்டாரேன், நில்லு மக்ளே."

முனகல் கேட்டது.

பானையைப் பார்த்தாள். அதில் இன்னும் ஒரு குமிழிகூட எழவில்லை.

கூடத்துக்கு வந்தாள். குளியலறைக் கதவின் அடியிலிருந்து ஆவி மெதுவாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் விழுந்தது. சுஜா பாடினாள். பாட்டு நின்றது.

மஞ்சள்.

கஸ்பாரின் கக்கம் நினைவுக்கு வந்தது. ஒரே கை. விசில். எவ்வளவு லேசாகத் தூக்கிப் போனான். மூச்சு வாங்க வாங்க மாட்டிய கனம் எங்கே போயிற்று? அவன் கொண்டுபோனது வெறும் கூடு.

கதவைத் தள்ளினாள். உள்தாழ்ப்பாள். சுஜா தாழ்ப்பாள் போடுகிற பிள்ளை இல்லை. அவளுக்கு அது எட்டாது.

"சுஜா! கதவத் தொற!"

"அம்மா..." பயமில்லை. குழப்பம் மட்டும். "அக்கா எங் கைய விட மாட்டங்காங்க."

"அத்தான்!"

கீழே கடையில் ஜெரினின் குரல், வாடிக்கையாளரிடம் பேசுகிற அந்த நயமான குரல், மாடிப்படி ஏறி வந்தது.

"தைரியமா எடுத்துட்டுப் போங்க. பெட்டிகூடப் பிரிக்கல."

தாழ்ப்பாள் தானாக விலகியது. கதவு திறந்தது. ஆவி. சுவரோரம் எதிலும் சேராமல் தொங்கும் வயர். ஈரக் குழாயின்மேல் சுஜாவின் சின்னக் கை. அதைப் பொத்தியபடி, தண்ணீரில் ஊறி வெளுத்து, நகக்கண்ணெல்லாம் மஞ்சள் ஏறிய இன்னொரு கை. அதன் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி இறுகின.