பின்னால் ஓர் ஆள்

கொழும்பின் காலி வீதியில் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்திவிட்டு ரதி குறுக்கே ஓடினாள். சாரதி சிங்களத்தில் ஏசியது பாதிதான் கேட்டது. ஒரு காதில் இயர்போன். அதன் மற்றக் குமிழை, கையிலிருந்த இன்னொரு போனின் மைக்கோடு சேர்த்து ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டியிருந்தாள். ஆறு மணிக்கு ஜீவராஜின் குரலை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் அதைப் பதிந்துகொள்ள வேண்டும்.

“தனியா ரெக்கோர்டிங் எண்டு ஒண்டும் இல்லை அக்கா,” என்று கம்பனிப் பெடியன் கிளறன்ஸ் மத்தியானம் சொல்லியிருந்தான். “ஜீவராஜ் அண்ணா மைக் மாட்டிக்கொண்டு ஆக்களைக் கூட்டித் திரிஞ்ச நடையில இருந்து மெசின் பழகினது. அந்தந்த இடத்தில நிண்டாத்தான் கதைக்கும். பின்னேரம் புதுக் குரல் போடச் சொல்லி ஓடர். நான் என்ன செய்ய?”

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வெள்ளவத்தையைச் சுற்றிக் காட்டுவதுதான் அவள் புருஷன் ஜீவராஜின் தொழில். இப்போது அதே வழியை, நடக்கிறவர்களின் போனுக்குள் அவன் குரலிலேயே கம்பனியின் மெசின் சொல்லிக்கொண்டு வருகிறது. விபத்தில் அவன் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம். வீட்டு வீடியோக்கள் எல்லாம் அவனுடைய போனோடு நசுங்கிப்போயின. அவன் கையைப் பிடித்து வந்த மகன் திலக்ஷன் அன்று மூடிய கண்ணை இன்னும் திறக்கவில்லை. “தெரிஞ்ச குரல் ஒண்டைக் கேக்கப் போட்டுப் பாருங்கோ, சில பிள்ளையள் அதுக்கு முழிக்கும்,” என்றிருந்தார் டொக்டர். அப்பாவின் குரலைவிட அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த குரல் ஏது? ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பக்கத்து வீட்டு ஷஹீமாவை இருத்திவிட்டு ஓடி வந்திருந்தாள்.

பலகாரக் கடை வாசலில் குரல் விழித்தது.

“வாங்கோ, வாங்கோ. கனடாப் பிள்ளையளுக்கு வெயில் தாங்குதோ? இங்க மிக்சர் வாங்காமல் போனால் ஏர்போட்டில திருப்பி அனுப்புவினம்.”

வானம் கறுத்துக் கிடந்தது. ரதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன.

“கொஞ்சம் நிப்பம். பின்னால ஓர் ஆள் வருது.”

திரும்பிப் பார்த்தாள். எண்ணெய்ச் சட்டியின் புகையும், மழைக்கு முந்திய மண் வாசமும், பஸ் புகையும் கலந்து மூச்சை அடைக்க, குடையும் பையுமாய் ஆட்கள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுக்காக வந்தவர் யாருமில்லை. பிறகு புரிந்தது. ஒரு கால் சூம்பிய திலக்ஷன் தகப்பனின் கூட்டத்துக்குப் பின்னால் காலை இழுத்து இழுத்து வருவான். அவனுக்காக நின்ற பழக்கத்தையும் மெசின் பழகியிருக்கிறது. அவ்வளவுதான். ஆனாலும் அந்த நிற்பு நீண்டது. கடைக்காரன் வடை ஒரு ஈடு போட்டு எடுக்கும்வரை நீண்டது.

கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் திரும்பினாள். கேட்டால் பதில் சொல்லும் குரல் அது.

“ஜீவா, திலக்ஷன் தம்பியைக் கூப்பிடுங்கோ. எழும்பச் சொல்லுங்கோ.”

“அது எனக்குத் தெரியேல்ல. வேற ஏதும் கேளுங்கோ.”

“ஒருக்காச் சொல்லுங்கோ. உங்களைக் கும்பிட்டன், ஒரே ஒருக்கா.”

காதுக்குள் வெறும் இரைச்சல். பிறகு, அவளும் பிள்ளையும் மட்டுமே அறிந்த அந்தத் தாழ்ந்த குரல்.

“எழும்பி வா குஞ்சு. அப்பா நிக்கிறன்.”

பதிந்துவிட்டது! கால் வலித்து ரோட்டோரம் குந்திவிடுகிற பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவான். ரதி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இப்போதே திரும்பி ஓடலாம். இன்னும் ஒரு சொல், இன்னும் ஒரே ஒரு சொல் என்று மனசு கீழே இழுத்தது.

“கொஞ்சம் நிப்பம். பின்னால ஓர் ஆள் வருது.”

இந்தமுறை நிற்பு அவ்வளவு நீளவில்லை.

அடுத்த மதிலடியில் இன்னும் குறைந்தது. அதற்கடுத்த தென்னையடியில், நின்றதும் நடந்ததும் ஒன்றாயிற்று. மெசின் யாருக்காகவோ காத்திருக்கிறது. அந்த யாரோ கிட்ட வந்துகொண்டிருக்கிறார்.

இயர்போன் இல்லாத காதில் அப்போதுதான் அது கேட்டது. ஒரு அடி. பிறகு ஒரு இழுவை. செருப்பில்லாத கால்.

திரும்பினாள். ஒழுங்கை வெறுமை.

செத்தவர்கள் கனவில் வந்து கூப்பிட்டால் போகக் கூடாது என்பார்கள். அம்மா வீட்டில் யாராவது அப்படிக் கனவு கண்டால் விடிந்ததும் கோயிலுக்கு ஓடுவார்கள். அவள் என்ன செய்திருக்கிறாள்? கும்பிட்டுக் கெஞ்சி, செத்தவன் வாயால் தன் பிள்ளையைக் கூப்பிட வைத்திருக்கிறாள்.

“கூப்பிடாதையுங்கோ ஜீவா!” ஒழுங்கை முடிகிற தண்டவாளத்தருகே நின்று கத்தினாள். “அவனை விட்டிட்டுப் போங்கோ! என்னட்ட விட்டிட்டுப் போங்கோ!”

“கடைசி ஆளை விட்டிட்டு நான் ஒரு நாளும் போனதில்லை,” என்றது குரல், எல்லாப் பயணிகளிடமும் சொல்கிற அதே சிரிப்போடு.

சரளைக் கல் நறநறத்தது. அடி. இழுவை. அவள் முதுகுக்குப் பின்னால். அடி. இழுவை. முழங்கை அருகே. டெட்டோல் வாசம்.

கையை நீட்டினாள். காற்று.

“வந்திட்டானே. இனி நிக்கத் தேவையில்லை. போவம்.”

குரல் அறுந்தது. அதே காதில் போன் மணி. ஷஹீமா.

“அக்கா...” விம்மல். “நீங்க போனதுலேந்தே தம்பிட காலு ரெண்டும் பெட்ஷீட்டுக்குள்ள அசஞ்சிக்கிட்டே இருந்திச்சி. நடக்குற மாதிரி. நர்சும் சந்தோசப்பட்டாங்க. நீங்க வந்து ஒங்கட கண்ணால பாக்கட்டுமே எண்டு சொல்லாம இருந்தன். இப்பத்தான் நிண்டிச்சி அக்கா. மூச்சும்...”

தண்டவாளத்துக்கு அப்பால், யாருமில்லாத பாறைகளின் மேல், ஒரு காலடிச் சத்தம் இழுத்து இழுத்துக் கடலைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. அதற்காக இன்னொரு சோடிக் காலடி நின்று, நின்று, போனது.