பச்சை மூடிப் பால்

"ஆ...!"

அலறல் கேட்டு வெலிங்டன் நகரின் கியூபா தெருவே தலையைத் தூக்கியது. மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து ஜனீன் விழுந்துகொண்டிருந்தாள்.

கையில் ஈரப் போர்வை!

துணி காயப்போடும்போது காற்று தள்ளிவிட்டது என்றார்கள். வெலிங்டன் காற்றாயிற்றே... யார் நம்பமாட்டார்கள்?

காற்று பாவம். தள்ளியது மர்ரே!

பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து ஜனீன் சிரித்தாளாம். அதுதான் காரணம். மர்ரே பாமர்ஸ்டன் நார்த் என்ற ஊரில் டிராக்டர் விற்பவன். வேலை என்று சொல்லிவிட்டு மாதாமாதம் வெலிங்டன் வந்து ஜனீன் வீட்டில் கிடப்பான். கட்டின மனைவி கிளெனிஸுக்கு எதுவும் தெரியாது என்று அவனுக்கு நினைப்பு.

அடுத்த மாதமே, விடுமுறைக்கு கிளெனிஸ் ஹோட்டலில் அறை போட்டாள்.

அதே கியூபா தெருவில்!

"ஊர்ல வேற ஹோட்டலே இல்லியா?" காரை விட்டு இறங்கும்போதே மர்ரேவுக்கு வியர்த்தது.

"சின்னதுதான். ஆனா இடத்தைப் பாரு! கடை, மியூசியம், கடற்கரை... எல்லாம் நடந்தே போயிடலாம்."

எதிரே ஜனீனின் பால்கனி. மர்ரே தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடினான்.

வரவேற்பில் ரெவி. கதவை அடைக்கிற தோள்கள்... கன்னத்தில் குழி... மாவோரிப் பூர்வகுடி இளைஞன். சாவியோடு டீக்குப் பாலும் எடுத்துவைத்தான்.

"சாருக்கு எந்தப் பால்? நீல மூடியா, பச்சையா?"

"நீலம்."

கிளெனிஸிடம் கேட்கவே இல்லை! பச்சை மூடி பாட்டிலை அவள் பக்கம் நகர்த்திவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

பச்சை மூடி என்றால் கொழுப்பில்லாத பால். வீட்டிலும் அவள் குடிப்பது அதைத்தான்!

மர்ரேவுக்கு வயிறு பற்றி எரிந்தது. அறைக்குள் நுழைந்ததும் கிளெனிஸ் தேடாமலே திரைக்குப் பின்னால் கைவிட்டு விளக்கைப் போட்டாள். அவ்வளவுதான்...

"நீ இங்கே முன்னாடி வந்திருக்கே!"

"உளறாதே மர்ரே."

"சுவிட்ச் எப்படித் தெரியும்? உன் பால் அவனுக்கு எப்படித் தெரியும்? நான் ஊர் ஊரா அலையறேன்... நீ இங்கே அந்தத் தடியனோட..."

"ரெவி நல்ல பையன்."

"பேர் வேறயா!"

"சட்டையிலே எழுதியிருக்கே. ஏன், எரியுதா? சிரிச்சா என்ன குறைஞ்சுபோச்சு?"

மர்ரே பாய்ந்து அவள் கழுத்தைப் பிடித்தான்.

"இதையேதான்டி ஜனீனும் கேட்டா! அதோ, அந்த பால்கனியிலே நின்னுக்கிட்டு! ஒரே தள்ளு... அதுக்கப்புறம் எவனைப் பார்த்தும் சிரிக்கலே! உன்னையும்..."

டக்!

பக்கத்து அறைக்குப் போகும் இடைக்கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் நைரி நின்றாள், கையில் ஓடிக்கொண்டிருக்கும் ரெக்கார்டரோடு!

"கையை எடு மர்ரே. ஜனீன் ஃபோன் பூரா உன் நம்பர்தான். ஆனா தள்ளினது நீதான்னு உன் வாயாலயே வரணும்னு காத்திருந்தோம்."

மர்ரேவின் கை தானாக விழுந்தது.

"அப்போ... பால்...?"

"ரெவிகிட்ட நான்தான் ஃபோன்ல சொல்லிவெச்சேன்." கிளெனிஸ் கழுத்தைத் தடவிக்கொண்டாள். "சுவிட்ச் எங்கேன்னு போலீஸ்ல சொன்னாங்க. இந்த ஹோட்டல்ல இன்னிக்குத்தான் கால் வெக்கறேன்."

"அடிப்பாவி!"

"கேட்டா வாயைத் திறக்கமாட்டே. பொறாமை வந்துட்டா மூடமாட்டே. எனக்காக உனக்குப் பொறாமை வருமாங்கிறதுதான் சந்தேகமா இருந்துச்சு..." அவள் குரல் உடைந்தது. "அவளுக்காகக் கொலையே பண்ணினே. எனக்காக இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் எரிஞ்சே. பாவி, அவ மேல எனக்கு இன்னும் ஆத்திரம் தீரலே!"

மர்ரே வாசலுக்கு ஓடினான். வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு ரெவி நின்றான்.

ஹோட்டல் பையன் ரெவி அல்ல... கான்ஸ்டபிள் ரெவி!

விலங்கு மாட்டியபடியே மரியாதையாகக் கேட்டான்:

"ஸ்டேஷன்லயும் டீ உண்டு சார்... நீல மூடியா, பச்சையா?"