நாலு நிமிஷ ரத்தம்

"நிறுத்துங்கடா...! படத்தை நிறுத்துங்கடா...!"

திருவொற்றியூரின் அந்தப் பழைய தியேட்டரே அதிர்ந்தது. காலை பதினொரு மணி. இலவச ப்ரிவ்யூ காட்சி.

அலறியவள் ஜூடி. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கத்தில் ஆட்டு ரத்தமும் குடலும் விற்கிறவள்; தெருவில் கொடுத்த இலவச டிக்கெட்டில் வந்திருந்தாள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் வாந்தி!

ஆமாம், வாந்திதான். சீட்டுக்கு ஒரு காகிதக் கவர் வைத்திருந்தார்கள். 'தமிழில் இதுவரை வராத குரூரம்! கட்டே இல்லாத ஒரே ஷாட்! நாலு நிமிஷம்... தாங்குவீங்களா?' என்று அதன்மேல் அச்சடித்திருந்தார்கள். வாந்தி எடுக்கிற கவரில் விளம்பரம்! த்தூ!

திரையில் ஒரு பழைய கிடங்கு. தூணில் ஒருவனைக் கட்டியிருந்தார்கள். தலையில் கோணி. கறுப்பு அங்கி போட்ட ஒருவன் வந்து, அவன் தொடையில் கத்தியை இறக்கினான். ரத்தம் காலில் வழிந்து தரையில் ஓடியது. காமிரா அசையவில்லை. கறுப்பு அங்கிக்காரன் ஒரு முறை லென்ஸுக்குக் குறுக்கே நடந்தான். மறுபடி கத்தி. மறுபடி ரத்தம்...

முன் வரிசையில் ஒரு காலேஜ் பையன் கவரில் கொட்டிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "செம மச்சி!" என்றான்.

என்ன ஜென்மங்களோ!

கடைசி வரிசைக்குப் பின்னால் டைரக்டர் டென்னிஸ் நின்றிருந்தான். முகமெல்லாம் பல். பக்கத்தில் மேக்கப்மேன் தங்கப்பாண்டி. அவன் மட்டும் திரையைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே... ஒரு பொம்பளை அலர்றா."

"அலறட்டும்டா! செல்போன்ல எடு. நாளைக்கு ட்ரெண்டிங்!"

ஜூடி ஓடிப்போய்த் திரையையே கையால் அடிக்க ஆரம்பித்தாள். பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டம்மா கௌசர் பாய்ந்து பிடித்தாள்.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு உனக்கு?"

"அது எம் புருஷன் ஜோ! கால் கட்டை விரலு நகத்த பாரு... எங்க கடை எடைக்கல்லு வுழுந்து கருத்துப்போன நகம்! நாலு மாசமா ஆளக் காணோம்!"

"சினிமாம்மா இது. நடிச்சிருப்பாரு."

"நடிச்சாரு, சரி. அந்த ரத்தம் நடிக்கலயே!"

கௌசர் உடனே செல்போனை எடுத்தாள்.

*

அரை மணியில் இன்ஸ்பெக்டர் சண்முகவேல் தியேட்டர் மேனேஜர் அறையில் இருந்தார். திருநெல்வேலிக்காரர். ஜோ காணாமல்போன புகார் அவர் மேஜையில்தான் நாலு மாசமாய்த் தூங்கியது. அந்தக் குற்ற உணர்ச்சியில் வழக்கத்தைவிடச் சத்தமாய்ப் பேசினார்.

"சொல்லும்மா. உனக்கு என்ன தெரியணும்?"

"தெருவே சிரிச்சிச்சு சார். 'ஜோ எவளையோ இட்டுக்கினு ஓடிட்டான்'னு. எம் பொண்ணு இஸ்கூலுக்கே போவ மாட்டேங்குது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க... அவரு உசுரோட கீறாரா, இல்லியா?"

சண்முகவேல், டென்னிஸும் தங்கப்பாண்டியும் நின்ற பக்கம் திரும்பினார்.

"ஜோதான் சார், இல்லைன்னு சொல்லலையே" என்றான் டென்னிஸ், கூலாக. "எண்ணூர்ல, மூடிப்போன உப்புக் கிடங்குல ஷூட்டிங். நான், தங்கப்பாண்டி, ஜோ. மூணே பேரு யூனிட். நடிச்சான், முடிச்சான், பஸ் ஏறிப் போயிட்டான். எங்க போனான்னு பொண்டாட்டிக்கே தெரியலைன்னா எனக்கு எப்படி சார் தெரியும்?"

"ரத்தம்?"

"ஆட்டு ரத்தம் சார். காலையில அவனே இவங்க கடையிலேருந்து ஒரு வாளி எடுத்துட்டு வந்தான்."

"எந்த நாள்?"

டென்னிஸ் செல்போனில் தேதியைக் காட்டினான். ஜூடி எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி, அறை கிடுகிடுக்கக் கத்தினாள்.

"பொய்யி! அன்னிக்கு மகாவீர் ஜெயந்தி சார்! ஆடு அறுக்குற தொட்டி மூடல். கறிக்கடை மூடல். 'இன்னிக்குதான் கடை லீவாச்சே, நல்லா தூங்கு'ன்னு சொல்ட்டுதான் அவரு கெளம்புனாரு. வூட்டுல சாம்பாரு வெச்சேன். அன்னிக்கு இந்த மெட்ராஸ்ல ஒரு ஆடு சாவல சார்!"

சண்முகவேலின் பார்வை டென்னிஸ் மேல் போனது.

"எ... எடுத்து வச்சது சார். முந்தின நாள் ரத்தம். ஃப்ரிட்ஜ்ல..."

"யார்கிட்ட உடற ரீலு? பதினோரு வருசமா ரத்தம் விக்கிறேன். முந்தின நாள் ரத்தம் வாளியில கட்டிக்கினு கெடக்கும். கத்தியில துண்டு போட்டுதான் விப்போம். உன் படத்துல தண்ணி மாரி ஓடுச்சே, எப்பிடிடா?"

டென்னிஸின் கூல் போயே போச்சு!

தங்கப்பாண்டி சுவரில் சாய்ந்து, சரிந்து, உட்கார்ந்தான். டென்னிஸ் அவனைப் பார்த்தான். இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"சார்... அது ஆக்ஸிடென்ட் சார்!"

கௌசர் ஜூடியைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ரப்பர் கத்தி காமிராவுல பொம்மை மாதிரி தெரிஞ்சுது சார். அதனால நிஜக் கத்தி. தொடையில தடிமனா ஒரு பட்டை கட்டியிருந்தோம், அதுல குத்தணும். குறி தப்பிடுச்சு. அவன் துடிச்சதை நடிப்புன்னே நினைச்சோம். ஒரே ஷாட் சார், கட்டே கிடையாது. நாலு நிமிஷம் ஓடுச்சு. 'கட்' சொல்லிட்டுக் கிட்ட போனா... மூச்சு இல்லை! பயந்துட்டோம். கிடங்குக்குப் பின்னாடியே புதைச்சுட்டோம்."

"மாதாவே...!" என்று ஒரு முறைதான் கத்தினாள் ஜூடி.

சண்முகவேல் ஒரு தாளைக் கௌசரிடம் நீட்டினார். செத்த மனுஷனைப் புதைத்துவிட்டு, அவன் சாவை எடிட் செய்து, மியூசிக் போட்டு, சீட்டுக்கு ஒரு கவரும் வைத்திருக்கிறானே!

"கௌசர், எழுதிக்கோ. அஜாக்கிரதையா நடந்து மரணம். பிரேதத்தை மறைச்சது..."

டென்னிஸின் விரல் இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. அதில் கண்ணீர் இல்லை. கணக்குதான் ஓடியது. அஜாக்கிரதை... ஜாமீன்... கொஞ்ச வருஷம்... வெளியே வந்தால் இந்தியாவே பேசும் டைரக்டர்!

"சார்." ஜூடியின் குரல். "அந்த சீன இன்னொரு தபா போடுங்க."

"வேண்டாம்மா. உன்னால தாங்க முடியாது."

"போடுங்க சார்!"

*

காலி தியேட்டர். வாந்தி வாடை. ஜூடி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தன் புருஷன் சாவதை இரண்டாம் முறை பார்த்தாள். இந்த முறை அவள் அவன் முகத்துக் கோணியைப் பார்க்கவில்லை. தரையை மட்டும் பார்த்தாள்.

கத்தி இறங்கியது. ரத்தம் ஓடியது. கறுப்பு அங்கி குறுக்கே நடந்தது. ஒரு கணம் திரை முழுக்க இருட்டு. விலகியது...

"நிறுத்து! அப்பிடியே நிறுத்து!"

படம் நின்றது.

"சார், இங்க வந்து பாருங்க. காலாண்ட கெடக்குதே, அந்த ரத்தம். கட்டி ஆயிடுச்சு. அதச் சுத்தி மஞ்சத்தண்ணி பிரிஞ்சி நிக்கிது, தெரியுதா?"

"தெரியுது."

"ரத்தம் கட்டறதுக்கே பத்து நிமிசம் ஆவும். மஞ்சத்தண்ணி பிரியணும்னா முக்கா மணி நேரம் ஆவும். நான் தெனம் பாக்குற சமாச்சாரம். நாலு நிமிச படத்துல இது எப்பிடி சார் வந்துச்சி?"

அங்கி மறைத்த அந்த இருட்டில்தான் கட் ஒளிந்திருக்கிறது என்று சண்முகவேலுக்குப் புரிந்தது.

"இப்போ ஓட்டுங்க. ரெண்டாவது குத்து. பாருங்க... பீறிக்கினு வருது! செத்த உடம்புல ரத்தம் பீறுமா சார்? முக்கா மணி நேரம் எம் புருஷன் உசுரோடதான் சார் இருந்தாரு! இவனுங்க இன்னா பண்ணிக்கினு இருந்தானுங்க?"



"அது... லைட்டிங் சார்..." டென்னிஸ் இழுத்தான். "கலர் கரெக்‌ஷன்ல அப்படித் தெரியும்..."

"ஏலே தங்கப்பாண்டி!" சண்முகவேல் உறுமினார். "நீ சொல்லுதியா, இல்ல ஸ்டேஷன்ல வச்சுக் கேக்கட்டுமா?"

தங்கப்பாண்டி உடைந்தான். தேம்பித் தேம்பி அழுதான்.

"மேக்கப் போட்டுட்டு, காமிராவையும் நான்தான் சார் பாத்தேன். கறுப்பு அங்கியில அண்ணன். மொதல் குத்து நிஜமாவே தவறிப் பட்டதுதான். ஜோ 'அண்ணே, நெசமாவே குத்திடுச்சுண்ணே, அவுத்து வுடுங்கண்ணே'ன்னு கெஞ்சுனாரு. கார் வெளியதான் நின்னுச்சு. ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம். நான் கட்டை அவுக்கப் போனேன் சார். அண்ணன் தடுத்துட்டாரு. மானிட்டர்ல எடுத்ததைப் போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஆரம்பம் பிரமாதம். பின்பாதியில... ஃபோகஸ் போயிருந்துச்சு சார். நான்தான் விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"'ஒன் மோர்'னாரு."

கௌசர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பத்து வருஷம் பிண அறைக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்தவள். அவளுக்கே அன்றைக்குத்தான் குமட்டியது.

"அந்தப் பட்டை?" என்றார் சண்முகவேல்.

"'இப்ப அது வேணாம், கழட்டு'ன்னாரு சார்."

கௌசர் எழுதியிருந்த தாளைச் சண்முகவேல் கிழித்துப் போட்டார்.

"அஜாக்கிரதையாம்... மசுரு! கொலை. சுத்தமான, பச்சைக் கொலை. கொலைகாரனே எடிட் பண்ணி, மியூசிக் போட்டு, சாட்சியை என் கையில கொடுத்திருக்கான். இந்த முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு நாயை நான் பாத்ததில்லை!"

கையில் விலங்கு ஏறியது. ஜூடி டென்னிஸின் எதிரே வந்து நின்றாள். அடிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அடிக்கவில்லை.

"தொட்டியில ஆடு அறுக்கறவங்க கீறாங்களே, அவங்க கூட ஒரே அறுப்புல முடிச்சிடுவாங்கடா. ஜீவனு துடிக்கக் கூடாதுன்னு. நீ இன்னா ஜாதி மிருகம்டா?"

ஜூடி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார், அவர தோண்டி எடுத்து எங்கையில குடுங்க. எம் பொண்ணு அவ அப்பாவுக்கு மண்ணு போடணும். ஓடிப்போனவன் பொண்ணு இல்லன்னு தெருவுக்குத் தெரியணும்."

"இன்னிக்கே எடுக்கேன்ம்மா. நானே உங்க தெருவுக்கு வந்து சொல்லுதேன்." சண்முகவேல் தொப்பியைக் கழற்றினார். "நாலு மாசம் முன்னாலேயே வந்திருக்கணும்."

ஜீப் கிளம்பியது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பின் சீட்டில் டென்னிஸ் எதையோ யோசித்துக்கொண்டே வந்தான். பயமா? பச்சாத்தாபமா?

அதெல்லாம் இல்லை!

"சார்... ஒரு டவுட்டு."

"என்னலே?"

"கோர்ட்டுல படத்தைப் போடுவாங்கல்ல? ஜட்ஜய்யா முழுசாப் பாப்பாரா... இல்லை, அந்த நாலு நிமிஷம் மட்டும்தானா?"

சண்முகவேல் மெதுவாகத் திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"முழுசாப் பாப்பாருலே. ஆனா அதுல ஒரே ஒரு வரியைத்தான் நம்புவாரு. டைட்டிலுக்கு முன்னாடி ஒரு கார்டு போட்டிருக்கியே... 'இந்தப் படத்தில் எந்த மிருகமும் துன்புறுத்தப்படவில்லை'ன்னு!"