விலகல் முத்து

கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அறங்காவலர்கள் ஐந்து பேரும் நடைவழியில் வரிசையாக நின்று, இடது காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக்கொண்டார்கள். ஆய்வக ஊழியன் இசக்கியப்பன் கையிலிருந்த சிறு குழலை ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் வைத்து அழுத்தினான். டிக் என்று ஒரு சத்தம். எறும்பு கடித்ததுபோல் ஒரு சுருக். அவ்வளவுதான். அடுத்த மூன்று மணி நேரத்துக்கு அவர்களுக்கு எதன்மீதும் யார்மீதும் அக்கறை கிடையாது.

வேல்ஸ் நாட்டின் சுயேச்சைக் கொள்கை ஆய்வகம் அந்த முறையைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டது. அது எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை. எந்த அமைச்சருக்கும் கட்டுப்பட்டதில்லை. அதன் அறங்காவலர்கள் சம்பளம் வாங்காதவர்கள். முற்காலத்தில் கூட்டம் தொடங்கியதும் ஒவ்வொருவரும் எழுந்து, 'இந்த விஷயத்தில் என் மைத்துனருக்குச் சம்பந்தம் உண்டு' என்று அறிவித்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார்கள். பிறகு யாரோ ஒரு புத்திசாலி, மைத்துனர் மட்டுமா சார்பு, பயமும் இரக்கமும் சின்ன வயதில் போன சுற்றுலாவும்கூடச் சார்புதானே என்று கேட்டார். அதற்குப் பதிலாக வந்ததுதான் விலகல் முத்து. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு பயறளவுக் கருவி. கூட்டத்துக்குக் கூட்டம் அதில் ஒரு துளித் திரவம் நிரப்பப்படும். ஒரு செய்தியிலிருந்து மனதுக்குப் போகும் நரம்புப் பாதையை அது மூன்று மணி நேரம் மூடி வைக்கும். நினைவு, கணக்கு, தர்க்கம் எதற்கும் சேதம் இல்லை. பதறுவது மட்டும் நின்றுவிடும்.

இந்த ஏற்பாட்டை நம்பி நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டிருந்தது. ஆய்வகம் ஓர் அறிக்கையை வெளியிட்டுவிட்டால் அரசு முப்பது நாளில் அதன்படி நடந்தாக வேண்டும். வெளியிடாத அறிக்கையை யாரும் கண்ணெடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

அன்று மேசைமேல் இருந்தது லான்வெல்கி அறிக்கை. மேற்குக் கரையில் ஒரு சிறு ஊர், ஆயிரத்து நூற்று நாற்பது பேர். அக்டோபர் மாதத்தில் கடல் பொங்கி ஏறும் பெருவோதத்தை அந்த ஊரின் கடற்சுவர் தாங்காது. அதற்கு முன் எல்லோரையும் மேட்டு நிலத்துக்குக் குடியேற்ற வேண்டும். அறிக்கை சொன்னது இவ்வளவுதான். அன்று ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை. அந்த அறிக்கை அறங்காவலர்களிடம் வருவது அது மூன்றாவது முறை.

தலைவர் பூங்கோதைக்கு அறுபத்து மூன்று வயது. நீர்ப்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சுவான்சியில் பிறந்து வளர்ந்தவள். காதில் போட்டிருந்த செவிமொழிக் கருவி, வந்து விழும் எந்த மொழியையும் அவளுக்குத் தமிழாக்கிக் கொடுத்தது. வாங்கிய அன்று எந்த வட்டாரத் தமிழ் வேண்டும் என்று அது கேட்டபோது, அப்பாவின் ஊர் ஞாபகத்தில் அம்பாசமுத்திரம் என்று சொல்லிவைத்தாள். அதிலிருந்து கார்டிஃப் நகரத்துக் கனவான்கள் எல்லோரும் அவளிடம் தாமிரபரணிக் கரையிலேயே பிறந்தவர்கள்போல் பேசினார்கள்.

"பன்னெண்டாம் பக்கத்துல ஒரு சின்ன சந்தேகம் கேட்டுக்கிடுதேன்" என்றார் எம்ரிஸ். பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பேசுவார். "சுவர் தாங்காதுன்னு போட்டிருக்கு. தாங்காமப் போகலாம்னு போட்டா என்ன கெட்டுப்போச்சு?"

"போன தடவையே அதைப் பேசி முடிச்சாச்சு, எம்ரிஸ்" என்றாள் பூங்கோதை.

"பேசினோம். முடிக்கலைல்லா."

"அதுக்கு முன்ன படத்தைப் பாக்கணும்" என்றாள் ரியானன். பள்ளி ஆய்வாளராக இருந்தவள்; எழுதியது எதைப் பார்த்தாலும் கையில் சிவப்புப் பேனா வந்துவிடும். "ஊரைச் சிவப்புல காட்டிருக்காவ. பாக்கவே பயமா இருக்கு. பழுப்பு நிறம் போட்டா மக்கள் பதறமாட்டாவ."

"அவிய பதறணும்" என்றாள் பூங்கோதை.

"அதை நாம முடிவு பண்ணலாமா? நம்ம வேலை ஆதாரத்தை வைக்கது."

நியாவும் லூயிஸும் தலையாட்டினார்கள். அந்த இருவரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். ஒருவர் சொன்னதற்கும் ஆட்டுவார்கள், அதை மறுத்தவருக்கும் ஆட்டுவார்கள். விதிப்படி ஏழு அறங்காவலர்கள். ஒருவர் நிலவுக்கு விடுமுறைக்குப் போயிருந்தார். இன்னொருவரின் இடம் இரண்டு வருடமாகக் காலி. எதை நிறைவேற்றவும் ஐந்து கை வேண்டும். இருந்தது ஐந்தே பேர்.

சுவரோரம் பார்வையாளர் வரிசையில் ஒரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆங்கரத். லான்வெல்கியில் ரொட்டிக்கடை வைத்திருப்பவள். மூன்று கூட்டத்துக்கும் விடியற்காலை ரயிலேறி வந்திருந்தாள். பார்வையாளர் பேசக் கூடாது என்பதால் மடியில் கையைக் கோத்துக்கொண்டு, பேசுகிறவர் வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூங்கோதை அந்தப் பக்கம் திரும்பாமலிருக்கப் பார்த்தாள். முடியவில்லை. நெஞ்சுக்குள் சூடாக ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. மேசையைத் தட்டி, பழுப்பு நிறத் தண்ணீரில் யாரும் மூழ்கமாட்டார்களா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. முத்து போட்டவளுக்கு இப்படி வரக் கூடாது. போன கூட்டத்திலும் வந்தது. முத்து வேலை செய்யாவிட்டால் உடனே அறிவித்துவிட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. அவள் வெளியேறினால் மிச்சம் நான்கு பேர். அறிக்கை அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். அடுத்த கூட்டம் அக்டோபர் கடைசியில்.

அவள் தேநீர் இடைவேளை அறிவித்தாள்.

இசக்கியப்பன் நடைவழி முனையில் தன் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கல்லிடைக்குறிச்சிக்காரன், அவன் பேசும்போது மட்டும் செவிமொழிக்கு வேலை இல்லாமல் போகும்.

"இசக்கி, எனக்கு முத்து பிடிக்கலை" என்றாள் பூங்கோதை, குரலைத் தாழ்த்தி. "இன்னொரு துளி போடு. யாருக்கும் தெரிய வேண்டாம்."

அவன் துணியை மடித்து வைத்தான்.

"எத்தனை துளி போட்டாலும் அதேதான் யக்கா. அது உப்புத்தண்ணி."

"எது?"

"எல்லாந்தான். அந்த மருந்து செய்த கம்பெனி மூடிப் பதினோரு வருஷமாச்சு. புது ஒப்பந்தம் வர வரைக்கும் சுருக்குன்னு இருக்கணும், அதனால உப்புத்தண்ணி போடுன்னு அப்ப இருந்த இயக்குநர் சொன்னாவ. ஒப்பந்தத்துக்கு உங்க சபைதான் ஒப்புதல் கொடுக்கணும்."

"எங்ககிட்ட யாரும் கேட்கவே இல்லையே."

"ஒவ்வொரு கூட்டத்துலயும் கேட்டுருக்கு யக்கா. பதினாலாம் பொருள். கருவிப் பராமரிப்புன்னு இருக்கும் பாருங்க. நீங்க ஒம்போதுக்கு மேல போனதே இல்ல."

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அறங்காவலர் யாரும் ஒன்பது ஆண்டுக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது. உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த நான்கு பேரில் ஒருவர்கூட உண்மையான முத்தை ஒரு நாளும் அறிந்ததில்லை. அந்தச் சுருக்குக்குப் பிறகு வரும் அமைதிதான் முத்தின் அமைதி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளும்தான்.

சன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நான்கு ஆண்டுக்கு முந்திய ஒரு கூட்டம் அவளுக்கு நினைவு வந்தது. மேல்பள்ளத்தாக்கில் ஒரு பிரசவ விடுதியை மூடியதால் வழியிலேயே இறந்துபோன குழந்தைகளைப் பற்றிய அறிக்கை. முடிவுரையில் இருந்த அவர்களின் கணக்கை, யாரும் படிக்காத பின்னிணைப்புக்கு நகர்த்தலாம் என்று எம்ரிஸ் சொன்னார். அவள் சரி என்றாள். அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள். பிறகு அங்கிருந்து ஒரு தாதி எழுதிய கடிதம் வந்தபோது, என்ன செய்வது, அப்போது முத்து போட்டிருந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டது ஆறுதலாகவே இருந்தது.

இசக்கியப்பன் பெட்டியை மூடினான்.

பூங்கோதை உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். உப்புத்தண்ணீர், பதினோரு வருடம், பதினான்காம் பொருள். எதையும் மறைக்கவில்லை.

"ஆக, இந்த மேசையில இருக்கிற அஞ்சு பேருக்கும் இப்ப நல்லா உணர்ச்சி இருக்கு. எப்பவும் இருந்திருக்கு" என்றாள். "அந்த ஊர்ல தண்ணி ஏறினா என்ன ஆகும்னு நினைச்சுப் பார்க்க நம்மால முடியும். நினைச்சுப் பாருங்க. அப்புறம் கையைத் தூக்குங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. லூயிஸ் தேநீர்க் கோப்பையைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தார். நியாவின் கை காதுக்குப் பின்னால் போய் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தது. ரியானன் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். ஒவ்வொருவரும் தத்தம் பழைய கூட்டங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பூங்கோதைக்குத் தெரிந்தது. அவளுக்கு நம்பிக்கை பிறந்தது. இப்படி ஒரு மௌனம் அந்த அறையில் இதற்கு முன் இருந்ததில்லை.

எம்ரிஸ்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார்.

"அப்படின்னா ஒண்ணு தெளிவாயிட்டு. இந்த நிமிஷம் நாம எல்லாரும் சார்புள்ளவங்க. லான்வெல்கி பத்தி ஓட்டுப் போட நமக்கு அதிகாரம் இல்ல."

"எம்ரிஸ்."

"கோவிச்சுக்கிடாதிய. நான் விதியச் சொல்லுதேன். உணர்ச்சியோட வெளியிட்ட அறிக்கைய நாளைக்கு எந்த அமைச்சர் மதிப்பாரு? முதல்ல பதினாலாம் பொருளை முன்னால எடுப்போம். நல்ல முத்தா நாலு பேருகிட்ட விலை கேட்டு வாங்குவோம். ஜனவரியில வந்துரும். வந்த அன்னைக்கே லான்வெல்கிதான் முதல் பொருள். நானே முன்மொழியுதேன்."

"ஜனவரியில அந்த ஊரே இருக்காது."

"இருக்காமப் போகலாம்" என்றார் எம்ரிஸ்.

பூங்கோதை நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள். நல்ல முத்து வாங்கி, அதன் பிறகே லான்வெல்கியை எடுப்பது என்ற தீர்மானம் வாசிக்கப்பட்டது. வார்த்தை பற்றி யாரும் கேட்கவில்லை. நிறம் பற்றி யாரும் கேட்கவில்லை. முன்மொழிந்து, வழிமொழிந்து, வாக்குக்கு வர நான்கு நிமிடம் ஆனது. ஆய்வகத்தின் சரித்திரத்திலேயே இவ்வளவு வேகமாக எதுவும் வாக்குக்கு வந்ததில்லை. எம்ரிஸ் கை தூக்கினார். நியா தூக்கினாள். லூயிஸ், ரியானன். நான்கு கை.

"ஐந்தாவது கை வேண்டும்" என்றது குறிப்பெடுக்கும் இயந்திரம்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ரியானன் அவள் பக்கம் சாய்ந்து, கெஞ்சுவதுபோல் மெல்லப் பேசினாள்.

"கோதை, யோசிச்சுப் பாருங்க. நீங்க போடலைன்னா இது நின்னுபோகும். முத்து இல்லாமலே நாம இப்படித்தான் இருந்தோம்னு ஆயிரும். அப்ப இத்தனை வருஷம் செஞ்சதெல்லாம் நாமளே செஞ்சதா ஆயிராதா?"

பூங்கோதைக்கு அந்தத் தாதியின் கடிதம் நினைவு வந்தது. அதில் ஏழு குழந்தைகளின் பட்டியல் இருந்தது. பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட இரண்டைத் தாதி 'பெண்', 'பெண்' என்று எழுதியிருந்தாள். ஜனவரியில் நல்ல முத்து வரும். அது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டால், முன்பும் அப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொள்ளலாம். நினைத்துக்கொள்வது அவ்வளவு கஷ்டமாக இருக்காது. இரண்டு கூட்டமாக இவர்கள்மேல் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது அவளுக்குத் திடீரென்று அலுத்துப்போயிற்று.

"நிறைவேறியது" என்றது இயந்திரம்.

தன் கை மேலே இருப்பதை அவள் அதற்குப் பிறகுதான் பார்த்தாள்.

எல்லோரும் குடைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். எம்ரிஸ் போகிற போக்கில் அவள் தோளைத் தட்டி, நல்ல கூட்டம் என்றார். அவர் அதை உண்மையாகவே சொன்னார். ஆங்கரத் மட்டும் இடத்தைவிட்டு எழாமல் இருந்தாள். கூட்டம் முடிந்துவிட்டதால் இனி அவள் பேசலாம்.

"ஊருல போய் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

"ஜனவரியில முதல் பொருளா வருது" என்றாள் பூங்கோதை. வார்த்தைகள் தானாக வந்தன. "அதுவரைக்கும் நீங்களா மேட்டுக்குப் போக முடிஞ்சா போயிருங்க. இதை நான் தலைவரா சொல்லலை."

"எங்க போக? அரசாங்கம் இடம் கொடுத்தாத்தானே போக முடியும். நீங்க சொன்னாத்தானே அவங்க கொடுப்பாங்க."

பூங்கோதை தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பு நியாவுடையதுபோல் இருந்ததை அவளே கவனித்தாள்.

ஆங்கரத் எழுந்து கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கோபமாக இருப்பவள்போல் தெரியவில்லை. கடைக்கு வந்த புது மாவை விரலால் தேய்த்துப் பார்ப்பதுபோல் பூங்கோதையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லுங்கம்மா. இப்ப கையைத் தூக்கினியளே, அப்ப உள்ளுக்குள்ள ஏதாவது செஞ்சுதா?"

பூங்கோதை தேடிப் பார்த்தாள். நெஞ்சில் அந்தச் சூடு இருந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் நிதானமாகத் தேடினாள். வெளியே மழை விட்டிருந்தது. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"இல்ல" என்றாள். "ஒண்ணும் செய்யலை."

"பிறகு அந்த முத்தை எதுக்கும்மா வாங்குதிய?" என்று கேட்டுவிட்டு, ஆங்கரத் மூன்றரை மணி ரயிலைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.