வச்சிருதேன் என்ற பிறகு

நிலாவில் மாதத்துக்கு ஒருமுறைதான் பொழுது விடியும். விடிந்ததும் விடியாததுமாகக் குடியேற்றத்து ஜனம் மொத்தமும் காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் பேசுவில்லையைத் தட்டி, பூமியிலுள்ள சொந்தபந்தங்களைக் கூப்பிடும். அத்தனை பேரையும் தாங்க வலைப்பின்னலுக்கு ஏது தெம்பு? மூச்சுத் திணறிப் படுத்துவிடும்.

அதைப் படுக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நெரிசல் கட்டுப்பாட்டு அதிகாரி தங்கபுஷ்பத்தின் வேலை. இந்த விடியலுக்கு அவள் பலே விதி ஒன்று வைத்திருந்தாள். வலைப்பின்னலை நடத்தும் இயந்திர மூளைக்கு மடைக்காரன் என்று பெயர். நெரிசல் முற்றினால், பேச்சை முடிக்கும் விதமாக ‘வச்சிருதேன்’ என்று யார் சொன்னாலும் அந்த நொடியே இணைப்பைத் துண்டித்துவிடும்படி அதற்கு உத்தரவு போட்டாள். பேசி முடித்தவரை அனுப்பிவைப்பதில் என்ன பாவம்? மேலதிகாரிகூட முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அன்று அவளுக்குச் சொந்தக் கவலையும் ஒன்று இருந்தது. தூத்துக்குடி உப்பளத்தில் ரோபோக்களை மேய்க்கும் ஜெபநேசனிடம், கல்யாணம் கட்டிக்கொண்டு நிலாவுக்கே வந்துவிடுகிறாயா என்று கேட்டிருந்தாள். நிலாவுக்குக் கிளம்பும் கப்பலில் இடம் பிடிக்கப் பெயர் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். அவனோ இன்னும் வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டால் கெஞ்சுவது போல் ஆகிவிடும் என்று அவளுக்கு வீம்பு.

கூப்பிட்டான். மழை பெய்ததைச் சொன்னான், உப்பு கரைந்ததைச் சொன்னான், ரோபோ ஒன்று சகதியில் புதைந்த கதையைச் சொன்னான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரி புஷ்பம், வச்சிருதேன்” என்றான். பொசுக்கென்று அறுந்தது.

மறுபடி கூப்பிட்டான். எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வர நம் ஆட்களுக்கு வருமா? மறுபடியும் மழை, உப்பு, ரோபோ, வச்சிருதேன், பொசுக். தங்கபுஷ்பத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

திரையைப் பார்த்தால் அங்கே அதைவிடக் கூத்து. அறுபட்டவர்கள் எல்லாரும் திரும்பக் கூப்பிட்டு முதலிலிருந்து ஆரம்பித்ததில், நெரிசல் இரட்டிப்பாகியிருந்தது.

“பழைய விடியல்களின் கணக்கை எல்லாம் பார்த்தேன்,” என்றது மடைக்காரன். “உங்கள் மக்கள் ‘வச்சிருதேன்’ சொன்ன பிறகுதான் விஷயத்தையே தொடங்குகிறார்கள்.”

தங்கபுஷ்பம் தலையில் அடித்துக்கொண்டாள். விதியைத் தூக்கி எறிந்துவிட்டு, எல்லாருக்கும் புது அறிவிப்பு அனுப்பினாள்: நெரிசல் நேரத்தில் முதல் வார்த்தையாகவே ‘வச்சிருதேன்’ சொல்லிவிடவும்.

அட, வேலை செய்தது! ஜனம் மளமளவென்று விஷயத்தைக் கொட்டிவிட்டு நகர்ந்தது. வலைப்பின்னலும் மூச்சு விட்டது.

ஜெபநேசனும் இணைப்பில் வந்தான். “வச்சிருதேன்,” என்று ஆரம்பித்தான். “அப்புறம் ஒண்ணு. கப்பலுக்குப் பேர் குடுத்துட்டேன்.”

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அப்புறம்?” என்றாள்.

“அப்புறம் ஒண்ணுமில்ல. நீதான் சொல்லணும்.”

“நான் என்னத்தச் சொல்ல? நீ சொல்லு.”

“அப்புறம்?”

நேரம் போனதே தெரியவில்லை. மடைக்காரன் மெல்லக் குறுக்கிட்டது. தடங்கள் மறுபடி நிரம்புகின்றன, நிலா முழுவதும் ‘அப்புறம்’ என்ற ஒரே சொல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குள் சரக்கு எதுவும் இல்லை, வெட்டிவிடட்டுமா என்று கேட்டது.

“அதுல மட்டும் கை வச்சுப் பாரு,” என்றாள் நெரிசல் கட்டுப்பாட்டு அதிகாரி.