தவளைப் படம், காலைக் காட்சி

2006, மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. மதியம் 12.40.

ஆமத்தூர் பக்கத்துப் பட்டாசு ஆலையின் காகிதக் கிடங்கில் ஃபோர்மேன் கோட்டைச்சாமி குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் கடப்பாரை அடி. விடுமுறை நாள் என்பதால் வேறு ஆளில்லை. பதினொன்றரைக்கு அவரோடு பேசிவிட்டுச் சாப்பிடப் போன காவலாளி, திரும்பி வந்து பிணத்தைத்தான் பார்த்திருக்கிறான்.

சப்-இன்ஸ்பெக்டர் வீரலட்சுமிக்கு உடனே நினைவுக்கு வந்த பெயர் முனியராஜ். போன வருடம் சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்று கோட்டைச்சாமி அளவுக்கு மீறி ஆட்களை வைத்திருந்த ஓர் அறையை வெளியிலிருந்து தாழிட்டார். உள்ளே வெடித்தது. முனியராஜின் மனைவி வெளியே வரவில்லை. அம்மாவுக்குச் சோறு கொண்டுபோய் வாசலில் நின்ற மகள் எழிலுக்கு இரண்டு காதும் கேட்காமல் போயின. அதை விபத்து என்று எழுதி மூடியவர்களில் வீரலட்சுமியும் ஒருத்தி.

2.30. முனியராஜ் வீடு.

மகளோடு சிவகாசியில் ஒரு மணி வரை காலைக் காட்சி பார்த்ததாகச் சொன்னான். கார்ட்டூன் படம். கிழித்த டிக்கெட் இரண்டையும் நீட்டினான். கதை கேட்டதும் தடங்கலில்லாமல் சொன்னான்: கடலைத் தேடிப் போகும் தவளைக் குடும்பம், பாழுங்கிணறு, துரத்தும் கொக்கு. இடைவேளை முடிந்ததும் புயல்.

"புயல்ல இடி இடிக்கையில தியேட்டரே அதிர்ந்துச்சு மேடம்."

அப்பாவின் வாயையே பார்த்திருந்த எழில், கைகளை விரித்துக் கொக்கு பறப்பதைக் காட்டினாள்.

4.00. தியேட்டர்.

டிக்கெட் கிழிக்கும் பெத்தணனுக்கு எழிலை நினைவிருந்தது. இடைவேளைக்குப் பிறகு ஸ்பீக்கர் கெட்டு, கால்மணி நேரம் படம் ஊமையாக ஓடியதாம். சனம் விசிலடித்துக் கத்தியபோது அந்தப் பிள்ளை மட்டும் அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். பக்கத்து இருக்கையை அவர் கவனிக்கவில்லை.

வீரலட்சுமி ஜீப்பை முனியராஜ் வீட்டுக்கே திருப்பச் சொன்னாள்.

5.20. மறுபடி முனியராஜ் வீடு.

"புயல் காட்சில சத்தமே வரல, முனியராஜ். ஸ்பீக்கர் போயிருச்சு. உள்ள இருந்த அம்புட்டுப் பேருக்கும் தெரியும், உன் மகளத் தவிர. நீ இருட்டுனதும் வெளிய வந்து, படம் விடுறதுக்குள்ள திரும்பிட்ட. கதைய அவ கையால சொல்லித் தந்திருக்கா. இடிய மட்டும் நீயாச் சேத்துக்கிட்ட."

முனியராஜ் மகளைக் கிட்டே இழுத்துக்கொண்டான்.

"கேஸ் நிக்கலைன்னு சொன்னீக. அப்புறம் நான் எங்கன போக மேடம்?"

வீரலட்சுமி எழிலைப் பார்த்தாள். பிள்ளையை வைத்துக்கொள்ள உறவு யாராவது உண்டா என்று கேட்டாள். இல்லையென்று தலையசைத்தான்.

கான்ஸ்டபிள்கள் அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். எழில் ஓடிவந்து வீரலட்சுமியின் கையைப் பிடித்து இழுத்தாள். தான் கதையைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்ததால்தான் அப்பாவைப் பிடிக்கிறார்கள் என்று நினைத்தாள் போலும். தெருவிலேயே குத்தவைத்து உட்கார்ந்து, படத்தை முதலிலிருந்து, நிதானமாக, ஒரு தவளை விடாமல் கைகளால் சொல்லத் தொடங்கினாள்.