ஓவர்லாக் ஒளியும் இடம்

காலையில் முதலில் மோட்டார் போட வேண்டும். தொட்டி நிரம்பியதும் நிறுத்த வேண்டும். அது கிருத்திகாவின் வேலை. அப்பா குக்கர் வைப்பார். பிறகு இரண்டு டிபன் பாக்ஸ். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அவளுக்கு.

அடுத்தது பூனைக்குச் சோறு.

கிருத்திகா சோற்றைத் தட்டில் பரப்புவாள். பால் ஊற்றிப் பிசைவாள். பழைய நோட்டு அட்டையால் விசிறுவாள். விரலால் தொட்டுப் பார்ப்பாள். நன்றாக ஆறிய பிறகுதான் எடுத்துப் போவாள்.

எடுத்துப் போய், தரையில் 'ணங்' என்று வைப்பாள்.

"கொட்டிக்கோ" என்பாள்.

ஒரு வருடமாக இப்படித்தான். ஆற வைக்கும்போது அவ்வளவு பொறுமை. வைக்கும்போது அவ்வளவு கோபம். ஏன் என்று அப்பா கேட்டதில்லை. அம்மா இறந்த பிறகு அப்பா யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

பூனையின் பெயர் ஓவர்லாக். கிருத்திகாவைவிட மூத்தது. பெயர் வைத்தது அம்மா. அம்மா வீட்டிலேயே துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் போட்டிருந்தார். கம்பெனியிலிருந்து வரும் பனியன் துண்டுகளைத் தைத்துக் கொடுப்பார். பூனை அவர் காலடியில் படுத்துக்கொண்டு 'டர்ர்ர்' என்று உறுமும். ஒருநாள் கரண்ட் போய்விட்டது. மிஷின் நின்றுவிட்டது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. அம்மா குனிந்து பார்த்துச் சிரித்தார். அன்று வைத்த பெயர்.

இப்போது அந்த மிஷின் மூலையில் இருக்கிறது. மேலே ஒரு போர்வை. அடியில் தகரப் பெட்டி, பழைய டிவி, அரிசிச் சாக்கு. எல்லாம் அப்பா அடுக்கியது. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

அன்று சனிக்கிழமை. காலையில் வைத்த சோற்றை ஓவர்லாக் தொடவில்லை. முந்தின நாள் சோறும் அப்படியே போனது.

முந்தின நாள் மாலை அதைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போயிருந்தார்கள். டாக்டர் அதன் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கண்ணை விரித்துப் பார்த்தார்.

"கிட்னி போயிருச்சுங்க. வயசும் ஆயிருச்சு. இன்னும் சில நாள்தான். கட்டாயப்படுத்தி ஊட்டாதீங்க. கதகதப்பா வெச்சுக்குங்க."

"சரிங்க" என்றார் அப்பா.

வண்டியில் திரும்பும்போது கிருத்திகாவால் பொறுக்க முடியவில்லை.

"சரிங்கன்னு சொல்லீட்டு வந்துட்டீங்க! வேற மருந்து கேட்டிருக்கலாமில்லீங்க? எல்லாத்துக்கும் சரிங்க, சரிங்க, சரிங்க!"

அவளுக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் வாயிலிருந்து 'ங்க' மட்டும் போகாது.

அப்பா வண்டியை ஓட்டினார்.

சனிக்கிழமையும் அப்பாவுக்கு மதியம் வரை வேலை உண்டு. அவர் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் ஓவர்லாக்கைக் காணவில்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. அலமாரி மேல் இல்லை. குளியலறையில் இல்லை.

எதிரில் மீரா சாகிப்பின் குடோன் இருந்தது. கம்பெனிகளில் பனியன் வெட்டும்போது விழும் துண்டுத் துணிகள் அங்கே மூட்டை மூட்டையாகக் கூரை வரை அடுக்கப்பட்டிருக்கும். இரண்டு மூட்டைகளுக்கு நடுவே ஒரு சாம்பல் நிற வால் தெரிந்தது.

"வெளிய வா" என்றாள் கிருத்திகா.

வால் அசையவில்லை.

"வான்னு சொன்னேன்!"

கையை விட்டு இழுத்தாள். ஓவர்லாக் அவளைப் பிறாண்டிவிட்டது. அது அவளைப் பிறாண்டியதே இல்லை. கையில் மூன்று சிவப்புக் கோடுகள். அப்படியும் விடாமல் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வீட்டில் பெரியம்மா இருந்தார். அம்மாவின் அக்கா. துணி காயப்போட்டபடியே பார்த்தார்.

"ஏங் கண்ணு அதையப் போட்டு இழுக்கற? பூனைக்கு முடியப் போகுதுன்னா அதுக்கே தெரியும். ஊட்டை உட்டுப் போயிரும். அது பாட்டுக்குப் போகட்டும் உடு."

"எங்கீங்க போகும்? இதுதானுங்க அதோட ஊடு!"

"கத்தாத. போய்ப் படி. உங்கம்மா கடைசியா என்ன சொல்லீட்டுப் போனா? 'என்ற புள்ள கலெக்டருக்குப் படிக்கோணும்'னு..."

"அம்மா அப்படிச் சொல்லவே இல்லீங்க!"

படாரென்று கதவைச் சாத்தினாள்.

அம்மா கடைசியாகச் சொன்னதாகப் பெரியம்மா எல்லோரிடமும் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் மாதம் அது 'நல்லாப் படிக்கோணும்' என்று இருந்தது. தீபாவளிக்குள் 'டாக்டருக்குப் படிக்கோணும்' ஆனது. இப்போது கலெக்டர்.

கிருத்திகா ஒரு நீளமான பனியன் நாடாவை எடுத்தாள். ஓவர்லாக்கின் உடம்பைச் சுற்றிக் கட்டினாள். மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்தாள்.

"போக மாட்ட. நீயும் போக மாட்ட."

ஓவர்லாக் கதவைப் பார்த்துக் கத்தியது. குரலே வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அது சத்தமாகக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. கிருத்திகா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

மதியம் பெரியம்மா ரசம் கொண்டு வந்தார். கதவைத் திறந்தவர் நாடாவைப் பார்த்தார்.

"அடப் பாவமே, இதென்ன கன்னுக்குட்டியா?"

அவர் நாடாவை அவிழ்த்தார். ரசக் கிண்ணத்தை இருவரும் பார்த்த நேரத்தில் ஓவர்லாக் மெல்ல வாசலைத் தாண்டிவிட்டது.

கிருத்திகா ஓடினாள். குடோன் வாசலில் லாரி நின்றது. வடக்கிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு பேர் மூட்டைகளைத் தூக்கி லாரியில் எறிந்துகொண்டிருந்தார்கள்.

"மாமா, நிறுத்தச் சொல்லுங்க! உள்ள எங்க பூனை இருக்குதுங்க!"

"மறுபடியுமா?" என்றார் மீரா சாகிப். "பேசாம அதை வேலைக்குச் சேத்துவிட்டுரு கண்ணு. சம்பளம் மட்டும் கேக்கக் கூடாது." பிறகு லாரிப் பக்கம் திரும்பிக் கையை ஆட்டி, பூனை இருக்கிறது, நிறுத்துங்கள் என்று இந்தியில் கத்தினார். "அரே, ருக்கோ! பில்லி, பில்லி!"

மூட்டைகள் நின்றன.

கிருத்திகா சந்துக்குள் தவழ்ந்து போனாள். மனதுக்குள் திட்டிக்கொண்டே போனாள். நன்றி கெட்ட பூனை. ஓடுகாலிப் பூனை. இந்தத் தடவை தப்ப முடியாது.

ஓவர்லாக் கடைசியில் இருந்தது. சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். கத்தவில்லை.

உள்ளே இருட்டாக இருந்தது. லாரிச் சத்தம் கேட்கவில்லை. பெரியம்மா குரல் கேட்கவில்லை. நாலு பக்கமும் துணி. புதுப் பனியன் துணியின் வாசனை. அம்மாவின் புடவையில் எப்போதும் இருந்த வாசனை.

இந்த இடம் அவளுக்குத் தெரியும். இது இல்லை, இதைப் போல ஒன்று.

அம்மா இறந்த அன்று வீடு நிறைய ஆட்கள். ஒவ்வொருவரும் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் நழுவிப் போய் மிஷினுக்கு அடியில், வெட்டுத் துணிகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டாள். எல்லோரும் அவளைத் தேடினார்கள். ஓவர்லாக் மட்டும்தான் கண்டுபிடித்தது. அது அவளைக் கூப்பிடவில்லை. இழுக்கவில்லை. பக்கத்தில் வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான்.

கிருத்திகா பின்பக்கமாகவே தவழ்ந்து வெளியே வந்தாள். பூனையைத் தூக்கவில்லை.

"மாமா, அந்த மூட்டைய மட்டும் கொஞ்ச நேரம் எடுக்காம இருங்க. எனக்கு ஒரு பை நிறைய துணி வேணுங்க. நல்லா மெத்துன்னு."

"பூனைக்கா?"

"ஆமாங்க."

"காட்டன்தான் வேணுமா, பாலியஸ்டர் ஆகாதா?"

"ஆகாதுங்க."

"அதானே. எக்ஸ்போர்ட் பூனையாச்சே!" அவர் தானே ஒரு மூட்டையைப் பிரித்து, பை நிறைய அடைத்துக் கொடுத்தார். "மூட்டை இங்கதான் இருக்கும். நீ போயிட்டு வா."

கிருத்திகா வீட்டுக்குள் வந்தாள். நேராக மூலைக்குப் போனாள். அரிசிச் சாக்கை இழுத்தாள். பழைய டிவியைத் தள்ளினாள். தகரப் பெட்டி தரையில் கிறீச்சென்று உரசியது.

"அதைத் தொடாத!"

அப்பா வாசலில் நின்றார். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். டிபன் பாக்ஸ் கையிலேயே இருந்தது. அவ்வளவு சத்தமாக அவர் பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்கும் கோபம் வரும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

"தொடுவேனுங்க!" அவளும் கத்தினாள். "ஓவர்லாக் எங்கயும் ஓடிப் போகலீங்க. ஒளியறதுக்கு இடம் தேடுதுங்க. அதோட இடம் இதுதான். நீங்க எல்லாத்தையும் போட்டு அடைச்சு வெச்சுட்டீங்க! அது எங்க போகும்?"

அப்பா ஒரு அடி உள்ளே வந்தார்.

"சரிங்கன்னு சொல்லாதீங்கப்பா. திட்டுங்க. ஏதாவது சொல்லுங்க!"

அப்பா டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார். மிஷினைப் பார்த்தார். பிறகு வந்து தகரப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"கனமா இருக்கும். நீ அந்தப் பக்கம் புடி" என்றார்.

அடியில் ஒரு வருடத் தூசி இருந்தது. இருவரும் துடைத்தார்கள். கிருத்திகா துணித் துண்டுகளைக் குவித்து நடுவில் குழி செய்தாள். மேலே கிடந்த போர்வையை அப்பா முன்பக்கம் இழுத்துத் தொங்கவிட்டார். உள்ளே இருட்டானது.

கிருத்திகா போய் ஓவர்லாக்கைத் தூக்கி வந்தாள். இந்த முறை அது பிறாண்டவில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டாள். கதவைச் சாத்தவில்லை.

ஓவர்லாக் வாசலைப் பார்த்தது. போர்வையை மோந்து பார்த்தது. மிஷினின் காலை ஒரு தடவை உரசியது. பிறகு உள்ளே போய், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

கிருத்திகா அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். அப்பாவும் அப்படியே உட்கார்ந்தார்.

பெரியம்மா எட்டிப் பார்த்தார். உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டார். திரும்பிப் போனார். ஒரு கிண்ணத்தில் பாலும், சிவன்மலை முருகன் கோயில் விபூதியும் கொண்டு வந்தார்.

"கடைசில பால் ஊத்தறது மனுசங்களுக்குத்தானுங்க பெரியம்மா? பூனைக்கு உண்டுங்களா?"

"நல்லாக் கேட்ட போ. பூனைக்கு இல்லாத பாலு வேற யாருக்கு?"

பெரியம்மா கையை உள்ளே விட்டு ஓவர்லாக்கின் நெற்றியில் விபூதியைத் தொட்டு வைத்தார். கிருத்திகா விரலைப் பாலில் நனைத்து அதன் வாயருகே நீட்டினாள். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். ஓவர்லாக் ஒரு சொட்டை நக்கியது. போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இத்தனை நாளும் தட்டை 'ணங்'குனு வெச்சேன்" என்று அதனிடம் சொன்னாள். "இனிமே வெக்க மாட்டேன்."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ எதுக்கு அதுமேல அவ்வளவு கோவமா இருந்த?"

ஒரு வருடத்தில் அப்பா கேட்ட முதல் கேள்வி. அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

"அம்மா போன அன்னிக்கு நீங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தீங்க. பெரியம்மா வாசல்ல போன் பேசீட்டிருந்தாங்க. அம்மாகிட்ட நான் மட்டுந்தானுங்க இருந்தேன். ஓவர்லாக் கத்துச்சு. அம்மா என்னைய அனுப்பிச்சாங்க. நான் சமையல்கட்டுல இருந்து வர்றதுக்குள்ள அம்மா..."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கலெக்டரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

போர்வைக்குப் பின்னாலிருந்து மிக மெல்லிய சத்தம் வந்தது. டர்ர்ர். நின்றது. மறுபடி டர்ர்ர்.

"என்ன சொல்லி அனுப்பிச்சா?" என்று கேட்டார் அப்பா.

கிருத்திகா அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள்:

"ஓவர்லாக்குக்குப் பசிக்குது பாரு கண்ணு. சோத்தை நல்லா ஆற வெச்சுப் போடு. நாக்கைச் சுட்டுக்கும்."